பேச்சியம்மாள் கொடுத்த நற்சாட்சி

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் ஜொகூரில் தகர டப்பாவில் களிம்பு அடைத்து, அச்சடித்த நோட்டீஸோடு தோட்டம் தோட்டமாகப் போய் விற்ற முதல் தமிழன் நான்தான். இல்லை என்பவர் ஜொகூர் பாருவில் என் கடைக்கு வந்து சொல்லட்டும். அப்படிப்பட்ட என்னை நாலு பேர் நடுவில் வாயடைக்க வைத்தவள் ஒருத்தி உண்டு. கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் பேச்சியம்மாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் பதினாறு வயதில் புருஷனோடு கப்பலேறி வந்தவள். நாலாம் வருடம் அவன் காய்ச்சலில் போனான். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு தினம் முந்நூறு மரம் வெட்டினாள். வலது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் மருந்து கட்டியும் ஆறவில்லை. பிறகு என் களிம்பைப் பூசினாள், ஆறியது. அடுத்த முறை நான் போனபோது சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

“பாருங்கண்ணே, ஈ கூட உக்காரல.”

“உன் பேரை நோட்டீஸ்ல போட்டுக்கலாமா?”

“போடுங்க. என் காலுதானே, எவன் கேப்பான்?”

ஜொகூர் பாருவில் எனக்கு நோட்டீஸ் எழுதித் தந்தவர் ஐயாத்துரை என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. விளம்பரத்துக்கு வேண்டிய சொல்லெல்லாம் அவரிடம் தயாராக இருக்கும். தைலமோ, பல்பொடியோ, பேதி மாத்திரையோ, எதுவானாலும் ‘கைகண்ட ஔஷதம்’, ‘கலியுக சஞ்சீவி’, ‘பூரண குணம்’. கடைசியில் ‘நற்சாட்சிப் பத்திரம்’ என்று தலைப்புப் போட்டு, ஒரு பெரிய உத்தியோகஸ்தர் பேரில் நாலு வரி.

பேச்சியம்மாள் பேரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“கூலிக்காரியின்ர பேரைப் பாத்து ஆர் மருந்து வாங்குவினம்? ஒரு கிளாக்கரின்ர பேரைச் சொல்லும்.”

“கிளாக்கர் காலுல புண்ணு இல்லீங்களே. இவ காலுலதான் இருந்துச்சு.”

நான் விடவில்லை. எழுதினார். எத்தனை நாளில் ஆறியது என்று கேட்டார். நான் அவளிடம் விசாரிக்கவில்லை. “மூண்டு நாள் எண்டு போடுவம், அதுதான் வழக்கம்” என்றார். போடட்டும் என்று இருந்துவிட்டேன்.

தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் பத்துப் பேருக்கு ஒருவர்தான் எழுத்துக் கூட்டுவார். அவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தங்கள் பேச்சியம்மாள் பேர் அச்சில் வந்ததைக் கேட்டவர்கள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்களாம். கொண்டுபோன டப்பா அத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்தது.

நோட்டீஸ் டிரெசர் கைக்கும் போயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. ஏழு மாதம் தன்னால் ஆற்ற முடியாத புண் மூன்று நாளில் ஆறியது என்று லயமெல்லாம் படித்தால் பொறுப்பாரா? அது ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். ‘நோட்டீஸில் உள்ளது பொய், என் புண் ஆறவில்லை’ என்று பேச்சியம்மாள் சொல்வதுபோல் ஒரு காகிதம் எழுதினார். அதில் கைநாட்டு வைக்காவிட்டால், ஊருக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பேரைச் சேர்க்கச் சொல்வதாக மிரட்டினார். சேதி எனக்கு எட்டியது. மறுநாள் விடியற்காலை, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு நானே போய் நின்றேன்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்கார துரை வந்ததும் டிரெசர் காகிதத்தை நீட்டினார்.

“நாட்டு வையி பேச்சி. ரெண்டு புள்ளைங்கள நெனச்சுக்க.”

“காலு ஆறிருச்சுங்கையா. ஆறலேன்னு எப்பிடி வைக்கிறது?”

“மூணு நாளுல ஆறுச்சா? துரைக்கு முன்னால சொல்லு.”

நான் முன்னால் போய், “ஆமாங்க, மூணே நாளு” என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. மூணு நாளுன்னு உங்ககிட்ட எவ சொன்னா? தெனமும் சுடுதண்ணில கழுவி நாப்பது நாளு பூசுனேன். அத விட்டுட்டு எம் பேர்ல பொய்யப் போட்டிருக்கீங்க.” பிறகு டிரெசரைப் பார்த்தாள். “மூணு நாளு இவரு பொய்யி. ஆறுனது நெசம். ஆறலேன்னு நாட்டு வைக்க மாட்டேன். கப்பல்ல ஏத்துனா ஏத்துங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான்.

துரைக்குத் தமிழ் தெரியும். “கால் காட்டு” என்றார். குனிந்து பார்த்தார். ஏழு மாதம் என்ன மருந்து கட்டினாய் என்று டிரெசரைக் கேட்டார். டிரெசர் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். துரை காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாளை வேலைக்குப் போகச் சொன்னார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மீதி நோட்டீஸை அடுப்பில் போட்டுவிட்டு ஐயாத்துரையிடம் போனேன்.

“நாப்பது நாள் எண்டு போட்டா ஒருத்தரும் வாங்க மாட்டினம், காணும்.”

“வாங்காட்டி நானே பூசிக்கிறேன். எழுதுங்க.”

அச்சுக்குக் கொடுக்குமுன் அதைக் கூலாய்க்குக் கொண்டுபோய், திக்கித் திக்கிப் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ‘பூரண குணம்’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“அப்பிடின்னா என்னாண்ணே?”

“முழுசா ஆறிருச்சுன்னு.”

“தழும்பு இருக்குல்ல. அதையும் போடுங்க.”

போட்டேன். ‘நாற்பது நாள் பூசவும். தழும்பு இருக்கும். இப்படிக்கு, பேச்சியம்மாள், பால்வெட்டு.’ ஏழு வருடமாக ஒரு எழுத்து மாற்றவில்லை. மூன்று நாளில் ஆற்றுகிறவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள், கடை போட்டார்கள், மூடிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாள் இன்னும் அதே தோட்டத்தில்தான் வெட்டுகிறாள். சந்தேகம் உள்ளவர்கள் போய் அவளைக் கேட்கலாம், கேட்டதற்கு மேலேயே சொல்வாள்.