ஜக்கையன் சொன்ன எண்

எங்கள் பதினோரு பெண்களைப் போடியிலிருந்து போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏற்றிப்போகும் ஜக்கையனுக்குப் பதினாறு வயதிலிருந்தே சர்க்கரை. தினம் நாலு ஊசி. போன ஆடியில் ரத்தத்தில் அந்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி, ஒரு வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மலங்க மலங்க விழித்தான். முன்சீட்டில் இருந்த நான்தான் கத்திக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஜீப்பு பாத்துக்கிருவோம்" என்று மூஞ்சிக்கு நேரே சொன்னேன். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் புஜத்தில் வட்டமாக ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தான். சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்புமாம், குறைந்தால் கத்துமாம். 'பட்டன் வச்ச ஆளு' என்று சிரித்தோம். அவனுக்கு அதுவும் போதவில்லை. வண்டியைக் கிளப்புமுன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி ஒரு எண் சொல்வான். முதல் மாதம் அத்தனையும் தப்பு. நூற்றைம்பது என்பான், தொண்ணூறு இருக்கும். உதடு மரத்துப்போனால் எவ்வளவு, சும்மாவே எரிச்சல் வந்தால் எவ்வளவு என்று நோட்டில் எழுதினான்.

"கிறுக்கா, ஒடம்பு என்ன மீட்டரா?" என்றேன்.

"மீட்டருதான்க்கா. நமக்குத்தான் படிக்கத் தெரியல."

ஆறே மாதத்தில் ஐந்து, பத்து வித்தியாசத்துக்குள் வந்துவிட்டான்.

போன வாரம் சாயங்காலம், பனிமூட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியைப் பொசுக்கென்று ஓரங்கட்டினான்.

"அக்கா, எழுபதுக்குக் கீழ போயிருச்சு."

போனைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு.

"நல்லாத்தானய்யா இருக்கு? வெரசா எடு, போடியில ஊருக்குப் போற பஸ்சு போயிரும்!" என்று பின்னாலிருந்து கூச்சல். நானும் சேர்ந்துதான் கத்தினேன். அவன் அசையவில்லை. விரலைக் குத்தி, சின்ன மிஷினில் ரத்தம் வைத்தான்.

அறுபத்தொன்று.

மத்தியானம் புஜத்தைக் கதவில் இடித்துக்கொண்டானாம். அந்தப் பட்டன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அவன் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்தான். கை நடுங்கி, பாதி சட்டையில் கொட்டியது. கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். பஸ்சும் போய்விட்டது. ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் காலை புதுப் பட்டன் ஒட்டிக்கொண்டு வந்து, வழக்கம்போலப் போனை நீட்டினான்.

"எத்தன, தம்பி?" என்றேன்.

கண்ணை மூடினான். "நூத்திப் பத்துக்கா."

விரலைக் குத்திப் பார்ப்பது அவன் சோலி, பார்த்துக்கொள்ளட்டும். நான் போனைப் பார்க்காமலே கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.