சொகுசு எஸ்யூவியும் பன்னிரண்டு கவர்களும்: ராஜபாளையம் முதல் பிளவக்கல் அணை வரை

ஜனவரி 10, சனிக்கிழமை, காலை 6:10. ஆள் மூன்று. எலுமிச்சம்பழம் ஆறு. கவர் பன்னிரண்டு. ஓடோமீட்டர் 46,218. ராஜபாளையத்தில் அக்கா வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம்.

கவர் எதற்கு என்று கேட்பீர்கள். வாந்தி எடுக்கத்தான். என் அக்கா ஸ்டெல்லாவுக்குக் காரில் ஏறினால் பத்தாவது கிலோமீட்டரில் வந்துவிடும். பஸ் என்றால் கொஞ்சம் தாங்குவாள், அதுவும் ஜன்னலோரம் கிடைத்தால். மலைப்பாதை என்றால் பேச்சே கிடையாது. எங்கள் தங்கை ஜெனிட்டாவை வால்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மறுவீட்டுக்குப் போனபோது அக்கா ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தவள், அப்படியே பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். மொத்தம் நாற்பது வளைவு. மீதி முப்பத்தொன்று அப்படியே நிற்கிறது.

இப்போது தங்கைக்கு மூன்று மாதக் குழந்தை. பிரசவம் இங்கேதான் நடந்தது. குழந்தையை முதலில் கையில் வாங்கியதே அக்காதான். பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் ஞானஸ்நானம். குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் அக்கா என்பது குழந்தை பிறக்கும் முன்பே முடிவான விஷயம். ஆனால் ஞானத்தாயின் பெயரைக் கோவிலில் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 11. "வர முடியுமா முடியாதான்னு உறுதியாச் சொல்லுக்கா. இல்லன்னா எங்க நாத்தனார் பேரைக் கொடுத்திருவாவ" என்று ஜெனிட்டா வியாழக்கிழமை போனில் சொன்னாள். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்கு அந்தோணி அத்தான் கண்டுபிடித்த தீர்வுதான் இந்தச் சொகுசு எஸ்யூவி. அக்காவும் அவரும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு நூல் கொடுக்கும் வியாபாரி தன் வண்டியை விற்கிறார். நான்கு வருடப் பழசு, ஏழு சீட், மூன்று லிட்டர் டீசல், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக், கேட்கும் விலை 38 லட்சம். ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார். மாலை 6 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் மதுரையிலிருந்து வேறு பார்ட்டி வருகிறது.

"இந்த மாதிரி வண்டில ஆட்டமே இருக்காது மாப்ள. தொட்டில் மாதிரி போகும்" என்றார் அத்தான்.

நான் சென்னையில் வண்டிகளின் சஸ்பென்ஷனைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால்தான் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வரவழைத்தார்கள். 31 அம்சங்கள் கொண்ட சோதனைப் பட்டியல், டேப், அதிர்வை அளக்கும் மொபைல் செயலி ஆகியவை என் லக்கேஜ். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கமென்ட்டில் சண்டைதான் நடக்கும், யாரும் கட்டுரையைப் படிக்க மாட்டீர்கள்.

அத்தான் ஓட்ட, நான் முன்னால் இடது பக்கம், அக்கா நடு வரிசையில் மகாராணி மாதிரி. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினால் ஊர் சத்தம் அறுந்து போகிறது. எண்பதில் போகும்போதும் ரகசியம் பேசலாம். பிரேக் அபாரம். 2.3 டன் எடையை இழுப்பதாகவே எஞ்சின் காட்டிக்கொள்வதில்லை. ஏர் சஸ்பென்ஷன் பட்டனை அமுக்கினால் வண்டி ஒட்டகம் எழுந்திருப்பது போல ஆறு சென்டிமீட்டர் உயரும். வேகத்தடைகள் இருக்கிற இடமே தெரியவில்லை. ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கி.மீ., 19 நிமிடம்.

கெட்டதை ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டிக்கொடுத்தது. கண்ணாடியோடு சேர்த்து இந்த வண்டியின் அகலம் 2.2 மீட்டர். தேர் ஓடும் வீதியில் பிரச்சினை இல்லை. மடவார் வளாகம் பக்கம் ஒரு சந்தில் திரும்பினோம். எதிரே ஒரு ஆட்டோ. இரண்டும் நின்றன.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, வண்டிய வெளிய விட்டுட்டு ஊருக்குள்ள நடந்து வரணும்."

"செத்த பின்னாடி போங்கண்ணே" என்றார் அத்தான்.

"போறேன். எம்புட்டு கொடுக்கு?"

மைலேஜ் கேட்கிறார். 38 லட்ச ரூபாய் வண்டியைப் பார்த்து அன்று ஐந்து பேர் கேட்ட ஒரே கேள்வி இதுதான். தவறே இல்லை, நானும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

அவர் பின்னால் போன அந்த அரை நிமிடத்தில் நடு வரிசையிலிருந்து "ஏலே, கவரு" என்று குரல் வந்தது. ஓடோமீட்டர் 46,231. பதின்மூன்றாவது கிலோமீட்டர். பழைய சாதனையை விட மூன்று கிலோமீட்டர் கூடுதல். அத்தான் அதையும் முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. செயலியில் கோடு தெளிவாக இருந்தது. தடதட என்று வேகமாக அதிரும் வண்டியில் முதுகு வலிக்கும், வாந்தி வராது. மெதுவான அசைவுதான் வயிற்றைக் கலக்கும். வண்டியை மென்மையாக்குகிறேன் என்று கம்ஃபர்ட் மோடு எல்லாக் குலுக்கலையும் மெதுவான ஆட்டமாக மாற்றிக்கொடுத்திருந்தது. அத்தான் சொன்னபடி தொட்டில் மாதிரிதான் போனது. அதுதான் கோளாறே. போதாததற்கு நடு வரிசை ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, கண்ணாடி கறுப்பு. உட்கார்ந்தவருக்கு ரோடு தெரியாது. லெதர் வாசனை வேறு.

பால்கோவா கடையில் 7:05-க்கு நிறுத்தினோம். அரைக் கிலோ 190 ரூபாய். அக்கா எப்போதும் வாங்குவாள். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடுவாள். நான் வண்டியை விறைப்பாக்கும் ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி, அக்காவை முன் சீட்டுக்குக் கொண்டுவந்து, நான் நடு வரிசைக்கு மாறினேன். கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு 18 கி.மீ. இப்போது பரவாயில்லை. ஆனால் பரவாயில்லை என்பது நாற்பது வளைவுக்குப் போதாது. வத்திராயிருப்பு தாண்டி அணைக்குப் போகும் ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, இரண்டாவது கவரும் போனது.

அக்கா இறங்கி ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே சொன்னாள். "விடுங்க. நாத்தனார் பேரையே கொடுக்கச் சொல்லிருதேன். பிள்ளைய இங்க கொண்டாந்தாப் பாத்துக்கிடுதேன்."

அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏட்டி, இன்னும் சாயந்தரம் வரைக்கும் நேரம் இருக்குல்லா" என்று முனகிவிட்டு, சோடா வாங்க வந்த வழியே நடந்தார். வண்டியை அவர் ஓரம்கட்டவில்லை. முன்னால் ஒரு சிறு பாலம் இருந்தது. இரண்டு பக்கமும் கட்டைச்சுவர். வண்டி போகுமா என்று பார்க்க டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் தேங்காய் லாரி வந்து ஹாரன் அடித்தது.

"செத்த நேரம் இரிங்கண்ணே, அளந்துட்டு எடுக்கேன்!" என்று பாலத்தின் மறுமுனையிலிருந்து கத்தினேன்.

"எதை அளக்க?"

"பாலத்தை!"

"ஏலே தம்பி, என் லாரி தெனமும் அதுலதான் போவுது. லாரி போற பாலத்துல ஒங் காரு போகாதா?"

பாலத்தின் அகலம் 2.95 மீட்டர், ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். நான் டேப்பைச் சுருட்டுவதற்குள் லாரிக்காரர் மறுபடியும் ஹாரனில் கையை வைத்தார். அக்கா எழுந்தாள். வாயைத் துடைத்தாள். சுற்றிப்போய் ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என்னைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பின்னாலேயே லாரி. ரோடு வளைந்தது. இரண்டும் மறைந்தன.

அத்தான் இரண்டு சோடாவோடு வந்தார்.

"வண்டி எங்க மாப்ள?"

"போயிருச்சு."

"ஸ்டெல்லா?"

"வண்டிலதான்."

"யாரு ஓட்டுதா?"

"அக்கா."

அத்தான் ரோட்டைப் பார்த்தார். ஒரு சோடாவை உடைத்துத் தானே குடித்தார். "வண்டி நம்மது இல்லைல்லா" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் நூல் வியாபாரி போன் செய்தார். எப்படி இருக்கிறது வண்டி என்று கேட்டார். "நல்லாப் போவுது அண்ணாச்சி" என்றார் அத்தான். பொய் இல்லை; எங்கே போகிறது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

16 நிமிடம் கழித்து வண்டி திரும்பி வந்தது. கண்ணாடியை இறக்கினாள் அக்கா. காலையிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"ஏலே, டேம் பக்கம் வளைவு நல்லா இருக்குலே. ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டேன். ஆனா எடது காலுக்கு வேலையே இல்ல, நொண்டியடிக்க மாதிரி இருக்கு."

"வாந்தி?"

"எங்க வருது? ரோட்டைப் பாக்கதுக்கே நேரம் சரியாப்போச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறிக்கூடத்துக்கென்று ஒரு குட்டியானை இருக்கிறது. சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சலவைக்குப் போகும் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு அக்கா நான்கு வருடமாக அதை ஓட்டுகிறாள்.

"குட்டியானைல எப்பவாவது வாந்தி வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"அதுல எதுக்கு வரும்? நானில்லா ஓட்டுதேன்."

அத்தான் சோடா பாட்டிலோடு அப்படியே நின்றார். "அது லோடு வண்டி மாப்ள. அதை நான் கணக்குலயே எடுக்கலை."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவது அரிது என்று எனக்குப் பாடமாகவே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பிடிப்பவரின் உடம்புக்கு வளைவு வருவது முன்கூட்டியே தெரியும்; பின்னால் இருப்பவருக்கு வந்த பிறகுதான் தெரியும். அவ்வளவுதான் விஷயம். என் பட்டியலில் டயர் தேய்மானம் முதல் கப் ஹோல்டர் வரை 31 அம்சங்கள் உண்டு. யார் ஓட்டப்போகிறார்கள் என்ற கேள்வி கிடையாது. எங்கள் வீட்டில் லோடு என்றால் அக்கா ஓட்டுவாள், குடும்பமாகப் போனால் ஆண்கள் ஓட்டுவோம். யாரும் போட்ட சட்டம் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அணைக்கரையில் பானெட்டில் சாய்ந்து நின்று அக்கா பால்கோவா தின்றாள். பயணத்தின் நடுவில், வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அரைக் கிலோவில் பாதி அவளே. அங்கிருந்தே ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள். "ஏட்டி, நாந்தான் வாரேன். பேரைக் கொடு. மாத்துனே, மலையேறி வந்து அடிப்பேன்." அந்தப் பக்கம் தங்கை அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, போன் ஸ்பீக்கரில் இல்லை.

திரும்பும்போது அக்கா ஓட்டினாள். அத்தான் முன்னால். நான் நடு வரிசையில் உட்கார்ந்து, இந்தக் கட்டுரைக்கு மொபைலில் குறிப்பு எழுதிக்கொண்டே வந்தேன். கறுப்புக் கண்ணாடி, லெதர் வாசனை, மெதுவான ஆட்டம். அக்கா ஸ்போர்ட் மோடை மாற்றி மறுபடி கம்ஃபர்டில் போட்டிருந்தாள், அது அவளுக்குப் பிடித்துவிட்டது. கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் நான் கேட்டேன்.

"அக்கா, கவரு."

அத்தான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி உடைந்திருக்கும். அக்கா திரும்பாமலே எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டினாள். "முகர்ந்து பாருலே. இஞ்சினியர்."

கணக்கு இதுதான். ஓடியது 86 கி.மீ., டீசல் 9.4 லிட்டர், லிட்டருக்கு 9.15 கி.மீ. எம்புட்டு கொடுக்கு என்று கேட்ட ஐந்து பேருக்கும் இதுவே பதில். செலவு 870 ரூபாய். டயர் ஒன்று 38,000. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் டப்பாதான். சர்வீஸுக்கு மதுரை போக வேண்டும். ஏ.சி.யைக் கூட்டக் குறைக்கத் திரையைத் தடவ வேண்டும்; ஓட்டிக்கொண்டே அதைச் செய்யச் சொன்னவரை நான் பார்க்க விரும்புகிறேன். மூன்றாவது வரிசை, பைகள் உட்காரும் இடம். முதலாளி பின்னால் உட்கார, டிரைவர் ஓட்டுகிற வீட்டுக்கு இந்த வண்டியை வாங்காதீர்கள். நீங்களே ஓட்டுகிறவர், சந்துக்குள் வீடு இல்லாதவர், மதுரை பக்கத்தில் இருப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஓட்ட அவ்வளவு சுகம். அக்காவே சொன்னாள்: "பெரிய குட்டியானைலே இது."

மலைப்பாதைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. குடும்பத்தில் யாருக்கு அதிகம் வாந்தி வருமோ அவருக்கு லைசென்ஸ் இருந்தால், சமவெளியில் பழகவைத்து, ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் முன் சீட்டையாவது கொடுங்கள்.

மாலை 5:35-க்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். நூல் வியாபாரிக்கு ஆச்சரியம். "ஏன், பிடிக்கலையா?"

அக்காதான் பதில் சொன்னாள். "வண்டி தங்கம் அண்ணாச்சி. எந் தம்பிக்குத்தான் ஒத்துக்கிடல."

இனி நான் செய்யவேண்டியவை:

1. என் சோதனைப் பட்டியலில் "யார் ஓட்டப்போகிறார்கள்?" என்பதைச் சேர்ப்பது. 32-ஆவதாக இல்லை, முதலாவதாக.
2. அத்தானின் பதினோரு வருடப் பழைய காருக்குப் பிரேக் பேடும் முன் டயர் இரண்டும் மாற்றுவது. கிளட்சையும் பார்ப்பது. இடது காலுக்கு வேலை வேண்டும் என்கிறாள்.
3. ஜனவரி 24, அதே காரில் அதே பிளவக்கல் பாதை. அக்கா ஓட்ட, மூன்று முறை.
4. ஜனவரி 31 காலை 4 மணிக்கு வால்பாறை கிளம்புவது. முன் சீட்டை எனக்குக் கேட்டு அத்தானிடம் மனு கொடுத்திருக்கிறேன். நிராகரித்துவிட்டார். மறுபடி கேட்பது.
5. எலுமிச்சம்பழம் ஆறு, கவர் பன்னிரண்டு வாங்குவது. எனக்கு.