ஏகாம்பரத்துக்கு நான் எழுதிய சொல்

எழுபதுகளில் புதுப்பட்டினத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். என் பிள்ளைகளைக் கட்டுமரத்தில் அழைத்துப் போவதாகச் சொன்ன மீனவர் ஏகாம்பரம், விடிந்ததும் கடலைப் பார்த்துவிட்டு முடியாதென்றார். அந்த எரிச்சலில், வாட்ச்மேன் வேலைக்கு அவர் போட்டிருந்த மனுவில் ‘மெர்க்யூரியல்’ என்று குறித்தேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

மறுவாரம் வந்தார். “என்னப் பத்தி இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதிக்கீறியாமே சார், அப்டின்னா இன்னா?”

பாதரசம்போல நிலையில்லாதவன் என்று சொல்ல நா எழவில்லை. சொல் பிறந்த கதையை மட்டும் சொன்னேன். “ரோமாபுரியில மெர்க்குரின்னு ஒரு சாமி. அவர் பேர்லேர்ந்து வந்தது.”

“சாமி பேரா?” அவர் முகம் மலர்ந்தது. “அன்னிக்கி கூட்டிகினு போவலன்னு கோவமோன்னு நெனச்சேன். தண்ணி நெறம் சரியில்ல சார். புள்ளைங்களாச்சே.”

கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். இன்றும் உறுத்துவது அதுதான்.