பாசி இல்லாத கண்ணாடி

ஐந்தாம் பாரம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்று, "பூதலிங்கம் சார் எறந்துட்டாரு சார். காலம்பற நெஞ்சடைப்பாம்" என்றான். பாதியில் நின்ற கோட்டை முழுதாக வரைந்து, எழுத்துக் குறித்து, சுண்ணக்கட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வடசேரிச் சந்தை வரை என்னோடு நடந்து வந்த மனிதர். செவ்வாழைத் தாறு ஒன்றுக்கு விலை கேட்டு, பேரம் பேசி, கடைசியில் வாங்காமல், கடைக்காரரிடம் ஏச்சு மட்டும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பியவர். ஐம்பது வயது ஆகவில்லை. தலைவலி என்று ஒரு நாள் லீவு போட்டவரில்லை. அப்படிப்பட்டவர் முகம் மழிக்க உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார் என்றால் எந்த மூளைதான் ஏற்றுக்கொள்ளும்? என்னுடையது இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது.

எங்கள் பள்ளியில் அவர் விஞ்ஞான ஆசிரியர், நான் கணக்கு. அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவர் வீட்டு முன்னறையில் இருந்த கடல் தொட்டியைத் தெரியும். மயிலாடியில் சொல்லிச் செய்வித்த கல் தொட்டி. மூன்று பக்கம் கல், முன்பக்கம் மட்டும் கண்ணாடி. உள்ளே முட்டத்துப் பாறையிடுக்குகளில் பிடித்த சின்ன வரிமீன்கள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், பூவைப் போல விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி ஒன்று. தண்ணீரையும் முட்டத்திலிருந்தே மண்குடங்களில் பஸ்ஸில் கொண்டுவருவார். ஒரு தடவை கண்டக்டர் குடங்களுக்கும் டிக்கெட் கேட்டார். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டு, டிக்கெட் எடுத்த குடம் சீட்டில்தான் உட்காரும் என்று அவற்றை ஏற்றி உட்காரவைத்து, நாகர்கோவில் வரை நின்றுகொண்டே வந்தார். நானும் கூட நின்றேன், வேறென்ன செய்ய.

அந்தத் தொட்டிக்கு ஒரே எதிரி பாசி. வெயில் பட்டால் பாசி, தீனி மிஞ்சினால் பாசி. முதல் வருஷம் வாரந்தோறும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளே கிடந்த கல்லைக்கூட வெந்நீரில் போட்டுத் தேய்த்தார். பாசி போயிற்று, மீன்களும் போயின. மறுபடி தொடங்கினார். ஜன்னலுக்கு ஓலைத் தட்டி கட்டினார். தீனியைக் குறைத்தார். பாசியை மேயும் கடல் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். பின்சுவரில் படிந்த பாசியைத் தொடவே கூடாது, தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பதே அதுதான் என்று பைய பையக் கண்டுகொண்டார். "பாசியோட சண்டை போடப்பிடாது வே. பேசித் தீத்துக்கிடணும்" என்பார்.

ஆனால் முன் கண்ணாடி விஷயத்தில் அவருக்கே பேசித் தீர்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ச் சகிரி நாரால் தேய்ப்பார். புதன்கிழமைக்குள் பச்சை ஏறிவிடும். பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் இந்தத் தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆசையாக வீட்டுக்கே வந்தார். அன்று வியாழக்கிழமை. கண்ணாடியில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து பார்த்துவிட்டு, குளம் நன்றாயிருக்கிறது என்றார். இவர் முகம் செத்துப்போயிற்று. இன்ஸ்பெக்டர் போனபிறகு, "சவத்துப் பாசி! ஒருநாளாவது இந்தக் கண்ணாடி கண்ணாடியா இருந்து பாக்கணும் வே" என்றார். இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது.

வைத்தியம் சொல்லாதவரும் கிடையாது. கமுகுக்கு அடிக்கும் துருசை, அதாவது மயில்துத்தத்தை, கரைத்து ஊற்றச் சொன்னார் ஒருவர், சுண்ணாம்பு என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் தலையாட்டுவார், எதையும் செய்யமாட்டார். தமிழ்நாட்டோடு சேருவதைப் பற்றி ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், ஆசிரியர் அறையில் நாங்களெல்லாம் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்க, என் காதருகே குனிந்து, நத்தை முட்டையிட்டிருக்கிறது என்று சொன்ன ஆள் அவர். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் மனைவி செண்பகம் மைனிக்கு அந்தத் தொட்டி ஆகவே ஆகாது. சுத்த சைவக் குடும்பம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் மீன் நாற்றமா என்று எரிந்து விழுவார். தூரக் களையுங்கோ என்பதுதான் அதைப் பற்றி மைனி சொல்லி நான் கேட்ட ஒரே கருத்து. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் ஒரு விரலால்கூட அதைத் தொட்டதில்லை.

அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து, ஈரத்துணியோடு அந்த வீட்டுக்கு வந்தோம். பிரேதம் எடுத்த வீட்டில் இருப்புத் தண்ணீர் வைப்பதில்லை. குடம், அண்டா எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். நடந்ததை அடுத்த வீட்டு அம்மாள் வாசலிலேயே என்னிடம் சொன்னார். வீடு கழுவிய பெண்கள் தொட்டித் தண்ணீரையும் கோரிக் கொட்டப் போயிருக்கிறார்கள். மூலையில் கிடந்த மைனி எழுந்து வந்து, ஒருத்தரும் தொடக்கூடாது என்று விலக்கினாராம். பிறந்த வீட்டுச் சீராக வந்த செம்புக் குட்டுவத்தை எடுத்துவைத்து, கிணற்றில் புதுத் தண்ணீர் இறைத்து நிரப்பி, மீனையும் நண்டையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து அந்தப் பெரிய பாத்திரத்தில் விட்டிருக்கிறார். பிறகு தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் வரும்வரை நிறுத்தவில்லையாம்.

உள்ளே போனேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்துக் கல்லில் உளி விழுந்த தடம்கூடத் தெரிந்தது. அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். ஓடிப்போய்க் குட்டுவத்தில் குனிந்தேன். உப்பில்லாத தண்ணீர் கடல் உயிருக்கு ஆகாது, செம்பு அதைவிட ஆகாது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தன. சாமந்தி சுருண்டு ஒரு சளிக்கட்டியாகக் கிடந்தது. காலையில் அவர், சாயங்காலம் இவை. ஒரு வீட்டில் ஒரே நாளில் எத்தனை சாவு ஐயா.

மைனி பின்னால் வந்து நின்றார். கைகள் இரண்டும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. நகக்கண்களில் பச்சை.

"அவிய எப்பவும் கேட்டது இது ஒண்ணுதானே. வெளக்கிட்டேன், பாத்தேளா?" என்றார். பிறகு குட்டுவத்தைப் பார்த்து, "இதுகளுக்கு என்ன ஆச்சு? நான் பதனமாத்தானே எடுத்து விட்டேன்."

"சார் போனது இதுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு மைனி. நீங்க ஒண்ணும் செய்யல்ல" என்றேன்.

இதைப் பூதலிங்கம் சார் கேட்டிருந்தால் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், குட்டுவத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்.

பூதலிங்கம் சார் நினைவாக ஒரு பேனாவோ புத்தகமோ நான் கேட்டு வாங்கவில்லை. அந்தச் சிவந்த கைகளை நான் பார்த்தேன், அது போதும். மீன் நாற்றத்தை ஒருநாளும் பொறுக்காத ஒருவர், தாலி இழந்த அன்றே அந்தத் தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டுத் தேய்த்தார். அப்படித் தேய்க்க ஒருத்தி இருக்கும்படியாக அவர் வாழ்ந்திருக்கிறார். அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் துக்கம் கேட்க அந்த வீட்டுக்குப் போவீர்கள். மைனி கண்ணாடியைக் காட்டுவார். நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். மைனிக்கு எழுத்துத் தெரியாது. அச்சில் வந்த எதையும் விளக்கடியில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டியவர் பூதலிங்கம் சார்தான். இதை நீங்கள் யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.