பெருங்காய டப்பாவில் போன சுருட்டு

அது 1967-ஆம் வருடம், பம்பாயில் மழை பிடித்துக்கொண்ட சமயம். மாட்டுங்காவில் குடியிருந்தேன். கோட்டைப் பகுதியில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கம்பெனியில் உத்தியோகம். எந்தப் பொருளுக்கு எந்தப் படிவம், எத்தனை நகல், யார் முதலில் கையெழுத்துப் போட வேண்டும், யார் அப்புறம் போட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஊரார் சரக்குக்கே செலவான அந்த ஞானத்தை, சொந்தக் காரியத்துக்கு முதல் முறையாக உபயோகித்தபோது நடந்தது இது.

எனக்குச் சுருட்டுப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. மாட்டுங்காவில் எங்களைப் போன்ற குடும்பங்களில் இது சாமானியக் குற்றம் அல்ல. சிகரெட் என்றால், ஆபீஸ் சகவாசம் என்று மன்னித்துவிடுவார்கள். சுருட்டுக்கு மன்னிப்பே கிடையாது. என் மனைவி ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தாள்: சுருட்டு வாசற்படி தாண்டக் கூடாது. மேல்முறையீட்டுக்கு இடமில்லாத விதி. ஆகவே சுருட்டு ஆபீஸ் மேஜை டிராயரில் வசித்தது. சாயங்காலம் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றைப் பிடித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வீடு திரும்புவேன். அப்படியும் அவள் கதவைத் திறந்ததும், "நேரே குழாயடிக்குப் போங்கோ, அப்பறம் பேசலாம்" என்பாள்.

சீமையில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். ஸ்காட்லாந்தில் ஒரு கடலோர ஊர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில், சுருட்டில் ருசியுள்ளவர்கள் எழுதலாம் என்று அவர் போட்டிருந்ததைப் பார்த்து நான்தான் முதலில் எழுதினேன். யுத்த காலத்தில் பட்டாளத்தோடு திருச்சியில் கொஞ்ச காலம் இருந்தவர். அங்கே பிடித்த சுருட்டை அவர் நாக்கு மறக்கவில்லை. எந்த இலை நிதானமாக எரியும், எது தொண்டையைக் கமறும் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வோம். அவருக்கும் வீட்டுக்குள் அனுமதி கிடையாது. தோட்டத்துக் கோடியில், மண்வெட்டியும் பூந்தொட்டியும் போட்டுவைக்கும் மரக்கொட்டகைதான் அவருடைய ஃபைவ் கார்டன்ஸ். சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி எப்படி முறைப்பாள் என்று அவர் எழுதுவார். நான் பெஞ்சுக் கொசுக்களைப் பற்றி எழுதுவேன். நாடு கடத்தப்பட்டவர்கள் இருவரின் கடிதப் போக்குவரத்து அது.

அந்த வருடம் வந்த கடிதம் மிகவும் சின்னது. குளிர்காலத்தில் மனைவி இறந்துவிட்டாளாம். இப்போது வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து பிடிக்கலாம், கேட்க ஆளில்லை, ஆனால் பிடிக்கத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். கொட்டகைப் பக்கமே போவதில்லையாம். நாள் முழுவதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும், திருச்சிச் சுருட்டு கிடைத்தால் ஒருவேளை எழுந்திருக்கத் தோன்றுமோ என்னவோ என்றும் முடித்திருந்தார்.

சுருட்டுக் கடிதங்களை என் மனைவி கேட்க விரும்பியதில்லை. இதை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைகள்?"

"இல்லை."

"அப்போ ஆத்துல பேசறதுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்லை."

கொஞ்ச நேரம் நறுக்கினாள். "அந்தக் கண்றாவி இங்க கெடைக்குமோ?"

"தாராவியில் கிடைக்கும்."

"பின்ன ஏன்னா ஒக்காந்துண்டிருக்கேள்?"

தாராவியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். என்னுடைய சுருட்டெல்லாம் அங்கேதான். நல்லதாக ஒரு கட்டு வேண்டும், சீமைக்கு அனுப்ப என்றேன்.

"சீமைக்கா? அங்கன இல்லாத சுருட்டா, சாமி? அவன்லா நமக்கு விப்பான்."

"பெண்டாட்டி செத்துப்போயிட்டா. மனுஷன் ஒடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கார்."

எடுத்து வைத்த கட்டை அவர் மறுபடி உள்ளே வைத்துவிட்டார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வேறொரு கட்டு வந்தது. "அப்பம் இதக் கொண்டு போங்க. அது யாவாரத்துக்கு. இது நாங் குடிக்கது."

மழைக்காலத்துப் பம்பாயில் புகையிலை பூசணம் பிடிக்கும். போதாக்குறைக்கு அந்த வருடம் சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். விமானத்தில் அனுப்ப என் சம்பளம் இடம் கொடுக்காது. காற்றுப் புகாத டப்பா ஒன்று தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் அப்படி இறுக மூடும் டப்பா ஒன்றே ஒன்றுதான். பெருங்காய டப்பா. மனைவி காயத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவைப் புளி போட்டும் சீயக்காய் போட்டும் தேய்த்து, அடுப்பு மேல் கவிழ்த்துக் காயவைத்தாள். பிறகு, வாசலிலேயே நான் வைத்திருந்த சுருட்டுக் கட்டைக் காட்டி, "அதை உள்ள எடுத்துண்டு வாங்கோ" என்றாள்.

"உள்ளேயா?"

"பின்ன, வாசல்ல ஒக்காந்துண்டா அடுக்குவா?"

பழைய வேட்டித் துணியை விரித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடுக்கும்போது நான் டப்பாவை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தேன். பெருங்காயத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கின் சான்றிதழ்.

வெள்ளைத் துணியில் பார்சல் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைத்து, "சுருட்டு, அன்பளிப்பு" என்று படிவம் எழுதி, வெளிநாட்டுப் பார்சல் ஆபீஸ் வரிசையில் நின்றேன். என் படிவத்தில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்ற தோரணையில்தான் நின்றேன். சுங்க அதிகாரி வயதான மராட்டியர். பார்சலைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடி தூக்கி முகர்ந்தார்.

"ஹிங் ஹை க்யா?"

பெருங்காயமா என்கிறார். இல்லை, சிகார் என்று படிவத்தைக் காட்டினேன்.

"காகஸ் மே சிகார், நாக் மே ஹிங்" என்றார். படிவத்தில் சுருட்டு, மூக்கில் பெருங்காயம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதிய பொருளும் உள்ளே இருக்கும் பொருளும் வேறு என்று சந்தேகம் வந்தால் பிரிக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

தையலைப் பிரித்து டப்பாவைத் திறந்தார். அரக்கும் சாக்கும் நாறும் அந்தக் கூடத்தில், என் மூக்குக்கே எங்கள் சமையலறை எழுந்து வந்தது. அவர் ஒரு சுருட்டை எடுத்து விரலில் உருட்டி முகர்ந்தார். சரக்குக் கெட்டுவிட்டது, புதிதாக வாங்கி வேறு டப்பாவில் அடுத்த கப்பலில் அனுப்புங்கள் என்றார். நியாயமான யோசனை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதுவரை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அரைகுறை ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். புகையிலையைத் தொடாத என் மனைவி தன் கையால் அடுக்கியது என்றும் சொன்னேன்.

"மிசஸ்னே பாந்தா?"

ஆமாம், அவள்தான் கட்டினாள் என்றேன்.

டப்பாவை மூடினார். "கர் கா வாஸ் ஹை. ஜானே தோ." வீட்டு வாசனைதானே, போகட்டும். வெளியே காசுக்குப் பார்சல் தைத்துக் கொடுப்பவரை அழைத்து, தன் எதிரிலேயே மறுபடி தைக்கச் சொல்லி முத்திரை வைத்தார். படிவத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

வீட்டில் அவள், "அனுப்பியாச்சோ?" என்றாள். ஆச்சு என்றதோடு நிறுத்திக்கொண்டேன். துக்கத்தில் இருக்கும் மனிதருக்கு ஒரு டப்பா நாற்றத்தை அனுப்பிவிட்டோமே என்று மழைக்காலம் முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

தீபாவளி கழிந்து பதில் வந்தது. இருவரும் உட்கார்ந்து படித்தோம். டப்பாவைத் திறந்ததும் வீடு முழுக்க ஒரு நெடி பரவியதாம். திருச்சியில் மத்தியான வேளைகளில் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த வாசனை அது என்று பிறகுதான் புரிந்ததாம். ஆனால் திறந்த அந்த நிமிஷத்தில் மனதில் வந்தது ஒன்றுதான்: ஐயோ, மனைவி என்ன சொல்வாள். யோசிக்காமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடியிருக்கிறார். அங்கே போய் உட்கார்ந்தபின் சும்மா இருப்பானேன் என்று ஒன்றைப் பற்றவைத்து, சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பிடித்து முடித்தாராம். மறுநாளும் போனாராம்.

"நன்னாத்தானே தேச்சேன்" என்றாள் மனைவி. கொஞ்சம் கழித்து, "அடுத்த தடவை வேற டப்பா பாக்கணும்" என்றாள்.

"வேண்டாம். அதுவே இருக்கட்டும்" என்றேன்.

அவர் இருந்தவரைக்கும் அதே மாதிரி டப்பாவில்தான் சுருட்டு போயிற்று. நானும் ஓய்வுபெற்று, டாக்டர் சொல்லிச் சுருட்டை விட்டு வெகு காலமாகிறது. ஆனாலும் ஏதாவது ஒரு காரணத்துக்காக அவள், "மொதல்ல வெளியில போங்கோ" என்று அதட்டும்போதெல்லாம் அந்தக் கொட்டகை ஞாபகம் வந்து, மேல்முறையீடு செய்யாமல் எழுந்து போய்விடுகிறேன்.