உடையார்கட்டில் ஒன்பது நிமிடம் முந்திய மணிக்கூடு

போன வியாழக்கிழமை நான் உடையார்கட்டுக்குப் போனது ஊர் பார்க்க இல்லை. சண்டை பிடிக்க.

அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலை. வாசலில் விரல் வைத்தால் வந்த நேரத்தைப் பதியும் கணினி இருக்கிறது. அதற்கு நிரல் எழுதிக் கொடுத்தவன் நான். புதன்கிழமை அங்கே வேலை செய்யும் யோகேஸ்வரி தொலைபேசி எடுத்தார். “அண்ணை, சைக்கிள் பழுது, இந்தக் கிழமை நடந்துதான் வாறன். ஆனா எட்டுக்கு முதல் வந்திடுவன். உங்கட மெசின் மூண்டு நாளும் அஞ்சு நிமிசம் பிந்தினதா அடிச்சிட்டுது.” மாதத்தில் மூன்று முறை பிந்தினால் வேலை போய்விடும். வெள்ளிக்கிழமை கடிதம் கையில் கிடைக்கும்.

வவுனியாவில் காலை 5.40 பஸ். பரந்தனுக்கு 80 கிலோமீற்றர் அளவு, 310 ரூபாய், 7.35க்கு இறங்கினேன். எட்டு மணி முல்லைத்தீவு பஸ் 8.25க்கு வெளிக்கிட்டது. ஏன் என்று நடத்துநரைக் கேட்டேன். “இதுதான் எட்டு மணி பஸ், ஏறுங்கோ” என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெண்ணின் வேலை போகிறது, இவருக்கு இருபத்தைந்து நிமிடம் கணக்கிலேயே இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. உடையார்கட்டுக்கு 110 ரூபாய், முக்கால் மணி நேரம்.

வாசல் கணினி என் தொலைபேசியை விட ஒன்பது நிமிடம் முந்தி ஓடியது. முகாமையாளர் பெருமையாக விளக்கினார்.

“மெசின் ஒரு நாளைக்கு இருவது செக்கன் பிந்துது, மாசத்துக்குப் பத்து நிமிசம். அதால ஒண்டாம் திகதி, இந்த மாசம் திங்கக்கிழமை, பத்து நிமிசம் முன்னுக்கு வைச்சு விடுறன். மாசக் கடைசியில சரியா வந்து நிக்கும்.”

பஸ்ஸைப் பிடிக்க வீட்டு மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்னுக்கு வைக்கிற சனம்தான் நாங்கள். ஆனால் அது யாரையும் வேலையால் நிற்பாட்டுவதில்லை. இதைச் சத்தம் போட்டே சொன்னேன்.

பிறகு நிரலைத் திறந்தேன். “ஒரு வினாடி கழித்து எழுப்பு” என்று இயக்க முறைமையிடம் சொல்லி, எழுப்பியதும் மணிக்கூட்டில் ஒரு வினாடியைக் கூட்டியிருக்கிறேன். அது முந்தி எழுப்பாது, எப்போதும் ஒரு துளி பிந்தித்தான் எழுப்பும். நாளுக்கு 86,400 தடவை அந்தத் துளி சேர்ந்துதான் இருபது வினாடி. எழும்பிய பிறகு உண்மையில் எவ்வளவு நேரம் போனது என்று இயக்க முறைமையையே கேட்டிருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விடயம். சோம்பேறி நான், விட்டுவிட்டேன்.

திருத்த நாற்பது நிமிடம் ஆனது. முன்னுக்கு வைத்ததைக் கழித்தால் யோகேஸ்வரி மூன்று நாளும் 7.55 அளவில் வந்திருக்கிறார். பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். முகாமையாளர் வேலையால் நிற்பாட்டும் கடிதத்தைக் கிழித்தார். யோகேஸ்வரி நான் எழுதியதை வாசித்துவிட்டு நன்றி சொல்லவில்லை.

“போன வருசம் எங்களோட வேலை செய்த நிரோசாவையும் இப்பிடித்தான் நிப்பாட்டினவை. அவாவுக்கும் எழுதுங்கோ.”

“அவா கொக்கிளாய்க்குப் போயிட்டா. இனி என்னத்துக்கு?” என்றார் முகாமையாளர்.

“பிந்தி வாறவள் எண்டுதானே சனம் கதைச்சது” என்றார் யோகேஸ்வரி.

பழைய பதிவுகளைப் பார்த்தேன். நிரோசாவும் பிந்தியதில்லை. அவருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இந்தப் பக்கம் வருபவர்கள் பரந்தன் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மணிக்கூடு பார்க்க வருபவர்கள் முதலில் தங்கள் நிரலைத் திறவுங்கள், சத்தம் பிறகு போடலாம்.

இரவு முல்லைத்தீவில் தங்கி, வெள்ளிக்கிழமை காலை கொக்கிளாய்க்குப் போனேன். நிரோசா வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“நான் நேரத்துக்கு வந்தனான் எண்டு அப்பவும் சொன்னனான். ஏன் ஒருத்தரும் மெசினைப் பாக்கேல்லை?”