அரிசி வாளிக்குள் ஒரு விரதம்

புத்தூர் செல்வநாயகிக்கு வயது அறுபத்தொன்று. வெங்காயத் தோட்டத்தில் முப்பது வருடம் குனிந்தபோது வராத கழுத்துநோ, மகன் கீர்த்திகன் லண்டனிலிருந்து போன் அனுப்பி எட்டு மாதத்தில் வந்தது. “போனைக் குறையுங்கோ அம்மா,” என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுச் சுபாஜினி போனை வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

“அக்கா, ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் காட்டுது! ஆரோடை உவ்வளவு கதைக்கிறியள்?”

“ஒருத்தரோடையும் இல்லை. பாக்கிறன்.”

பார்ப்பது ஒரேயொரு சொல்லை. வட்ஸ்அப்பில் மகனின் பெயருக்குக் கீழே ‘ஒன்லைன்’ என்று வரும். வந்தால் பிள்ளை எழும்பிவிட்டான். மறைந்தால் வேலைக்குப் போய்விட்டான். அவன் கடைசியாகக் கதைத்தது தைப்பொங்கலுக்கு. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் ஒரு கட்டைவிரல் படம் வரும். இவளாகக் கோல் எடுத்தால் என்ன? எடுக்கமாட்டாள். ஒன்லைனில் நிற்கிறவன் தானாக எடுக்கட்டுமே!

டொக்டர் சொல்லை அவள் தனக்குத் தெரிந்த வழியில் நிறைவேற்றினாள். வெள்ளிக்கிழமை போன் விரதம். ஆனால் விரதகாரருக்குப் பால், பழம் விலக்கில்லையே. மகன் ஒன்லைனில் நிற்கிறானா என்று மட்டும் பார்ப்பது பால்பழக் கணக்கு. முதல் வெள்ளி மத்தியானத்துக்குள் பதினொரு தரம் பால்பழம் எடுத்தாயிற்று.

“உது விரதமோ அக்கா, கலியாணப் பந்தியோ?” என்றாள் சுபாஜினி.

ரோசம் வந்துவிட்டது. அடுத்த வியாழன் இரவே போனை நிறுத்தி, அரிசி வாளிக்குள் புதைத்து மூடினாள்.

வெள்ளி காலை பதினொரு மணி. சுபாஜினி தன் போனைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலையால் ஓடிவந்தாள்.

“அக்கா, லண்டன் தம்பி! அழுறான்!”

“அம்மா, என்ன நடந்தது? நேற்று ஒன்பதே காலுக்குப் பிறகு உங்களை ஒன்லைனிலை காணேல்லை!”

“நீ பாக்கிறனியோ?”

“ஓம். எழும்பின உடனை உங்களைத்தான் பாக்கிறனான். ஒன்லைனிலை நிண்டால் சுகமாய் இருக்கிறியள் எண்டு நினைப்பன்.”

“அப்ப ஏனடா எடுக்கேல்லை?”

“எந்த நேரமும் நிக்கிறியள். ஆரோடையோ கதைக்கிறியளாக்கும் எண்டு...”

நாற்பது நிமிடம் கதைத்தார்கள். அவனுடைய பல்வலி, இவளுடைய கழுத்து, அவன் வைத்த குழம்பில் புளி கூடியது. போனை வைக்கும்போது, “விரதத்தை விடாதேங்கோ அம்மா. கழுத்துக்கு நல்லது. இனி வெள்ளியிலை நான் பயப்பிடமாட்டன்,” என்றான். நல்ல பிள்ளை. சொன்ன சொல் தவறாதவன்.

அடுத்த வெள்ளி போன் வாளிக்குள் போயிற்று. செல்வநாயகி வெங்காயம் தெரிந்தெடுக்கச் சுளகோடு சுபாஜினி வீட்டு வேலிக்கரையில் போய் இருந்தாள். மற்ற மூலையில்தான் நிழல். பதினொரு மணியாயிற்று. பன்னிரண்டாயிற்று. சுபாஜினியின் போன் ஒருதரம் அடித்தது. செல்வநாயகி சுளகை வைத்துவிட்டு எழும்பிவிட்டாள்.

“காஸ் சிலிண்டர்காரன், அக்கா,” என்றது வேலி.

திங்கள் பின்னேரம் உப்புக் கேட்டு வந்த சுபாஜினி, அவள் போனை அரிசிக்குள் தாழ்ப்பதைக் கண்டாள்.

“நாளைக்குச் செவ்வாயெல்லோ?”

“செவ்வாயும் அம்மனுக்கு உகந்த நாள்தானே.”

“தம்பிக்குச் சொன்னியளோ?”

செல்வநாயகி வாளி மூடியை அமத்தி இறுக்கினாள்.

“விரதத்தை ஊருக்குச் சொல்லிப் பிடிக்கிறேல்லை, பிள்ளை. நாளைக்கு உன்ரை போனிலை சார்ச் இருக்குமோ?”